கீறல் விழுந்த இடம்

மாலை வெயில் கூடத்துத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. மருமகள் வாங்கி வந்த இசைத்தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மேலுறையை நகத்தால் கிழிக்கிறாள் அவள். அட்டையில் கோட்டும் சூட்டுமாய்ச் சிரிக்கிறார் அந்த மென்குரல் பாடகர். அவருடைய பேர்பெற்ற பாடல்கள் அத்தனையும் புதுத் தட்டுகளில் இருக்கின்றன. எதிரே சாய்வு நாற்காலியில் கணவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் ஒரு சொல் எழவில்லை. பேச்சு போனவர்களுக்குக்கூடச் சிலசமயம் பாட்டு வரும் என்று மருத்துவர் சொன்ன ஒரே வாக்கியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அத்தை, காலையிலேருந்து பேச்சுப் பயிற்சி பண்ணி மாமா களைச்சுட்டார். இன்னிக்குப் போதுமே."

"நீ சும்மா இரும்மா. கல்யாணமான நாள்லேருந்து என் பேச்சைக் கேட்காத மனுஷன். இன்னிக்குக் கேட்டுத்தான் ஆகணும்."

தட்டை ரெக்கார்டு பிளேயரில் வைத்து ஊசியை இறக்குகிறாள். குரல் இழைந்து வந்து, 'வருவேன்' என்று நீட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. கணவருடைய உதடு கோணலாக அசைகிறது.

"வரு... வேன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

"வருவேன்... வருவேன்."

பாட்டு எங்கோ போய்விட்டது. அவர் அந்தச் சொல்லிலேயே நிற்கிறார்.

"ஐயோ, அதே வார்த்தையிலயே சிக்கிக்கிட்டாரா அத்தை?"

"அவர் எங்கம்மா சிக்கினார்? எங்க பழைய தட்டுல அந்த இடத்துலதான் கீறல். மூணு தடவை 'வருவேன்' சொல்லிட்டுத்தான் நகரும். நாங்க பாடினா அப்படித்தான் பாடுவோம்."

வழிகிற கண்ணைத் துடைக்காமலே ஊசியைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைக்கிறாள்.

"மூணும் ஆச்சுங்க. இப்ப அடுத்த வரி."