திரையில் வந்த பெயர்

1995 ஜூன் 14, உடுமலைப்பேட்டை. நூற்பாலைக் கம்ப்யூட்டரில் தொழிலாளர் வருகைப் பதிவு முழுவதும் அழிந்திருந்தது. அழித்தவர் ‘சூப்பர்வைசர்’ என்றது திரை. மேனேஜர், சூப்பர்வைசர் ஆறுக்குட்டியைக் கூப்பிட்டார்.

“அந்தப் பொட்டிய நான் தொட்டதே இல்லீங்க.”

“பேரு வந்திருக்குதேய்யா?”

“அது என்ற பேரில்லீங்க, வேலைப் பேரு.”

“மில்லுல எத்தனை சூப்பர்வைசர்?”

“நான் ஒருத்தன்தானுங்க.”

“அப்புறம், பொட்டியா பொய் சொல்லுது?”

மில் கம்ப்யூட்டர்களை இணைத்த நெட்வொர்க் மென்பொருளில், முழு அதிகாரமுள்ள பயனர் கணக்கின் பெயரே சூப்பர்வைசர். அதன் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெரால்டு. அவர் அருகில் நின்று விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆறுக்குட்டி அன்றே வேலைநீக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளில் அந்த மென்பொருளின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்ததில் அதே கணக்கின் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர். மில்லில் அப்படியொரு வேலை இல்லை.