தேயாத பிரேக் ஷூ

ஒரு டிராக்டரின் இடது சக்கரத்தில், உரசி உரசியே வண்டியை நிறுத்தும் ஒரு பிரேக் ஷூவும், வலது சக்கரத்தில் இன்னொன்றும் குடியிருந்தன. உழும்போது வரப்போரம் வந்தால் டிரைவர் செங்கோடன் எப்போதும் இடது பிரேக்கை மட்டும் மிதித்துத்தான் வண்டியைத் திருப்புவான். மிதியெல்லாம் இடது ஷூவுக்குத்தான்.

ஒருநாள் மெக்கானிக் ரபீக் இரண்டு சக்கரத்தின் பிரேக் டிரம்களையும் கழற்றி, இரண்டு ஷூக்களையும் சாக்கின் மேல் வைத்துப் பார்த்தார்.

"இடது சுத்த மோசம்ணே, தேஞ்சு உள்ளே இருக்கற ரிவிட் ஆணி தெரியுது. வலது பாருங்க, புதுசு மாதிரி! இதைத் தூக்கிப் போட்டுட்டு அதை அப்படியே மாட்டிடுங்க" என்றான் செங்கோடன்.

இடது ஷூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதித்தவன் பேசுகிற பேச்சா இது?

"உடம்பைப் பாத்துக்கத் தெரியணும்டா" என்று வலது ஷூ வேறு இளித்தது.

"ஏண்டா, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நான் வெந்து சாகறப்ப நீ தூங்கிட்டிருந்தே. அதுக்குப் பேரு உடம்பைப் பாத்துக்கறதா?" என்று கத்தியது இடது ஷூ.

"ஒண்ணை மட்டும் மாத்தினா ரோட்டுல பிரேக் போடறப்ப வண்டி ஒரு பக்கமா இழுக்கும் செங்கோடா. மாத்தினா ஜோடியாத்தான்" என்ற ரபீக், இரண்டையும் பழைய இரும்பு போடும் கூடையில் வீசினார்.

"அநியாயம்! நான் என்னடா செஞ்சேன்?" என்று அலறியது வலது ஷூ.

"ஒண்ணும் செய்யலை. அதைத்தாண்டா நானும் அப்பவே கத்தினேன்" என்றது இடது.