தோஷமில்லாத வைஃபை

பரந்தாமனின் புது வீட்டில் எந்தக் கதவுக்கும் கைப்பிடி கிடையாது. கைப்பிடி என்பது பட்டிக்காட்டுத்தனம், கதவு வைஃபை சொல்லித்தான் திறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் பூஜையறையும் கழிவறையும் ஒரே வைஃபையில் இருந்தால் தோஷம் என்றார் வாஸ்து நிபுணர். கிரகப்பிரவேசத்தன்று நல்ல நேரம் பார்த்துக் கழிவறையைத் துண்டித்தார்கள். பரந்தாமன் அப்போது உள்ளே இருந்தார்.

"சித்ரலேகா! கதவு திறக்கலடி! மறுபடி கனெக்ட் பண்ணு!"

மனைவி செல்போனை எடுத்ததும், பாயசம் குடித்துக்கொண்டிருந்த நிபுணர் பதறினார். "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சும்மா. இப்ப இணைச்சா குடும்பத் தலைவருக்கு ஆகாது."

"அப்ப உடைச்சிரலாமா அத்தான்?" என்று கேட்டான் மைத்துனன் கோகுலன்.

"கிரகப்பிரவேசத்தன்னிக்குக் கதவை உடைப்பியா? அபசகுனம் புடிச்சவனே!" என்றது உள்ளேயிருந்த குரல்.

கூடத்தில் கம்பெனி டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டைச் சுற்றிக்காட்டியே அவரிடம் பதவி உயர்வு வாங்கிவிடுவதாகப் பரந்தாமனின் திட்டம்.

"உங்க டைரக்டர் கிளம்புறாருங்க. என்ன சொல்லட்டும்?" என்றாள் சித்ரலேகா.

உள்ளே பரந்தாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லு."