ஓட்டு மை

முத்துலட்சுமிக்கு நகம் வளரவில்லை. வெட்டி நாலு மாதம் ஆகிறது என்றார். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் சோதித்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை.

மேலகரத்தில் பதினெட்டு வருடமாகத் தோல் டாக்டராக இருக்கிறேன். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும். ஏப்ரலில் வைத்த ஓட்டு மை இந்த ஆகஸ்டில் என் விரலில் நகத்தின் நுனிக்கு ஏறிவிட்டது. அவருடைய மையோ நகத்தின் அடியில், வைத்த இடத்திலேயே இருந்தது. நம்பாமல் இரண்டு முறை ஸ்கேல் வைத்து அளந்தேன்.

"ஓட்டுப் போட்ட அன்னைக்கு ஏதாவது நடந்துச்சா?"

"ராயகிரிக்குப் போயி ஓட்டுப் போட்டுட்டுத் திரும்பையில வேன் பாலத்துலருந்து கவுந்துட்டு, டாக்டரம்மா. வண்டி அப்பளமா நொறுங்கிட்டு. ஆனா பாருங்க, ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல."

ஸ்கேலை மேசையில் வைத்தேன்.

"வேற யாருக்காவது இப்படி நகம்..."

"எல்லாரும் வெளியதான் நிக்காவ. கூப்பிடட்டா?"

கதவைத் திறந்தார். வராந்தாவில் நின்ற பத்துப் பேரும், வாக்குச்சாவடி வாசலில் போட்டோவுக்கு நிற்பதுபோலச் சிரித்துக்கொண்டே, இடது ஆள்காட்டி விரலை என்னிடம் நீட்டினார்கள்.

ஒரு நகத்திலும் மை ஏறியிருக்கவில்லை.