காந்தம் யாருக்கு?

“இன்னும் ரெண்டே மணி நேரம். அது வரைக்கும் இவனுங்க அடிச்சுக்காம இருந்தா போதும்” என்று சொல்லியபடி, டிரைவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே கணவன் பஸ் டிப்போவுக்குக் கிளம்பினான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

“பெரியவன் எங்க அடிச்சுக்கப் போறான்? உங்க சின்னவன் வாலைத்தான் கட்டி வைக்கணும்” என்றாள் அவள்.

ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வீட்டைப் பார்க்க வருகிறார். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார். கொடுத்த டீயைக் குடித்தார். “வீடு ரொம்ப அமைதியா இருக்கு” என்றார். பிறகு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்கும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றிக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதே இல்லை.

அமைதி இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சட்டைகளில் மிஞ்சிய துணியை வைத்து, நாற்காலிக் கால்கள் பதினாறுக்கும் உறை தைத்து மாட்டிவிட்டாள். இப்போது நாற்காலியை இழுத்தால் பூனை நடப்பதுபோல இருந்தது.

கீழ்வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆன அக்கா, பட்டன் தைத்து வாங்க வந்தவள், அதைப் பார்த்துச் சிரித்தாள். பையன்களுக்குப் பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். எட்டு வயதுப் பெரியவன் தங்கக்கம்பி. ஐந்து வயதுச் சின்னவன் வால்.

“தங்கக்கம்பிய எனக்குக் குடுத்துடு. உன் வாலை நீயே வச்சுக்கோ” என்றாள்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஜன்னலோர இடம், பெரிய துண்டு ரொட்டி, சிவப்பு டம்ளர் என்று எதைச் சின்னவன் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பெரியவன் நீட்டிவிடுவான். காலையில் போர்வையைத் தானே மடித்து வைப்பான். அண்ணன் போட்டுப் பழசான சட்டை தம்பிக்கு என்பது இந்த வீட்டில் கிடையாது. இரண்டு பேருக்கும் புதுசுதான். தையல்காரி வீட்டுப் பிள்ளைகள், அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள்.

மெஷினை மூடிவிட்டு அவள் காந்தத்தை எடுத்தாள். கயிற்றில் கட்டிய காந்தம். வேலை முடிந்ததும் தரையில் சிந்திய குண்டூசிகளை அதை வைத்துப் பொறுக்குவது பையன்களின் பொறுப்பு. தூண்டில் போடுவதுபோல அதைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றலாம். பெரியவன் கையில் கொடுத்தால் அடுத்த நொடி அது சின்னவன் கைக்குப் போய்விடும்.

வழக்கம்போலச் சின்னவன் கையை நீட்டினான். பெரியவன் விரல்களை மூடிக்கொண்டான்.

“இன்னிக்கு என் முறை.”

“எனக்குத்தானே குடுப்ப.”

“குடுக்க மாட்டேன்.”

சின்னவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கடித்தான். பெரியவன் அவன் தலைமுடியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினான். இருவரும் உருண்டு போய் இடித்ததில், உறை போட்ட நாற்காலி சத்தமே இல்லாமல் வழுக்கிக் கவிழ்ந்தது. அதன்மேல் இருந்த தகரப் பட்டன் டப்பாவுக்கு யாரும் உறை தைத்திருக்கவில்லை. அது விழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

“அம்மா, இவன் என்னைக் கடிக்கிறான், பாரும்மா” என்று பெரியவன் தொண்டை கிழியக் கத்தினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார் ஆபீஸ் அம்மா.

“அங்கயே நில்லுங்க மேடம். கீழ பூரா குண்டூசி.”

உள்ளே வைக்க எடுத்த காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி அவர் பார்த்தார். பட்டன்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. பெரியவன் புறங்கையில் நாலு பல் தடம். சின்னவன் வாயில் அண்ணனின் சட்டைக் கை.

அவள் ஓடி வந்தாள். ஒரு கையால் ஊசிகளைப் பொறுக்கி வழி பண்ணினாள், மறு கையால் பையன்களைப் பிரித்தாள். இதுதான் முதல் தடவை என்றாள். பெரியவன் இப்படிப்பட்டவனே இல்லை என்றாள். காந்தத்தைத் தம்பியிடம் கொடுத்துவிடு என்று அவனைக் கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

“முடியாது. அது என்னோடது” என்றான் அவன்.

உள்ளே வந்த ஆபீஸ் அம்மா அதட்டவில்லை. கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, அதன் உறையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

“மேடம், வீடு கிடக்கிற கிடப்பைப் பார்த்துமா...”

“நான் பார்க்க வந்ததே இதைத்தாம்மா. நாலு மாசம் முன்னாடி எங்க குழந்தைகள் இல்லத்திலேர்ந்து பெரியவனை இங்க கொண்டுவந்து விட்டதிலேர்ந்து, விருந்தாளி மாதிரி எல்லாத்தையும் விட்டுக்குடுத்துட்டே இருந்தான்” என்றார் அவர், காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தியபடி. “இன்னிக்குத்தான் சொந்த வீட்டுல இருக்கிற மாதிரி சண்டை போட்டிருக்கான். இனிமே அவனும் உங்க பிள்ளைதான்.”