வாசலின் தனிக்குடித்தனம்

பால் பொங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மேசை மேலேயே, இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில், வீட்டிலிருந்து தூக்கி வந்த இண்டக்‌ஷன் அடுப்பை வைத்திருந்தார் மகாராஜா அண்ணன். தனிக்குடித்தனம் வைக்கும்போது பால் காய்ச்சாமல் எப்படி என்பது அவர் கட்சி. கம்பெனி அவருடையது. அடுப்பை எங்கே வைத்தால்தான் என்ன?

தனிக்குடித்தனம் போனது மனுஷி இல்லை. வாசல்.

டவுணில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். வருகைப்பதிவு, மார்க், ஃபீஸ் எல்லாம் அதில் உண்டு. அதற்குள் யாரை விடலாம், யாரை நிறுத்தலாம் என்று பார்க்கும் பகுதிக்குப் பெயர்தான் வாசல். அதை எழுதியவள் நான். பெயர் வைத்தவளும் நான்.

இன்று காலையில் அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, தனித் திட்டமாக இணையத்தில் திறந்து வைத்துவிட்டோம். இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. பொறுப்பாளர் முத்துராணி என்று என் படத்தையும் போட்டிருந்தார்கள்.

"மகளத் தனியா வச்சாச்சு. இனி அவ வீட்ட அவ பாத்துக்கிடுவா" என்று முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டினார் அண்ணன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சீர் வேறு. ஆபீஸ் லேப்டாப்பை நீயே வைத்துக்கொள் என்று பையோடு கொடுத்தார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒன்பது வருஷம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தவை. ஒரு முடிச்சை அவிழ்த்தால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் மார்க் தெரியாமல் போகும். தைப்பொங்கல் கழிந்து உட்கார்ந்தவள் சித்திரையில்தான் நிமிர்ந்தேன். சேரன்மகாதேவிக்குப் போகிற கடைசி பஸ்ஸில் கண்டக்டரே எனக்கு இடம் போட்டு வைக்க ஆரம்பித்தார்.

"எவனோ ஒரு ஊர்க்காரன் எடுத்தாலும் உன்னையக் கேக்காம ஓட்டணும் பாத்துக்கோ" என்பார் அண்ணன்.

அப்படியே செய்தேன். என் மண்டைக்குள் மட்டும் இருந்ததையெல்லாம் எழுதி வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புதிதாகச் சேர்ந்த பெருமாள்ராஜைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவனும் நல்ல பையன்தான். மறுபடி மறுபடி கேட்டான். சலிக்காமல் சொல்லிக் கொடுத்தேன்.

பெங்களூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டபோதும் நான் போகவில்லை. நம்ம கம்பெனி என்பார் அண்ணன். அந்த 'நம்ம'வில் நானும் இருக்கிறேன் என்று நம்பினேன்.

பால் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போன் வந்தது. நாங்குநேரி டெபோரா டீச்சர். மாசம் ஒரு தடவை உள்ளே போக முடியாமல் என்னைத்தான் கூப்பிடுவார்.

"முத்து, திருப்பியும் என்னைய யாருன்னு கேக்கு. உள்ள விடமாட்டக்கு."

அதுவும் என் வேலைதான். தெரியாத ஆள் வந்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சிவப்பில் போட எனக்கு மனசு வரவில்லை. நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றால் எப்படிக் கேட்போமோ, அப்படியே எழுதி வைத்தேன்.

இருங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் தள்ளி வைத்து, கம்பெனி மென்பொருளுக்குள் போக என் பெயரை அடித்தேன்.

*யாரு? யாரைப் பாக்கணும்?*

சிரிப்பு வந்தது. பாலோடு கொடுத்த அல்வாவைத் தின்ற கை, நெய் வழுக்கியிருக்கும். துப்பட்டாவில் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

*யாரு? யாரைப் பாக்கணும்?*

பாஸ்வேர்டு மட்டும் தப்பென்றால் வாசல் இப்படிக் கேட்காது. பேரேட்டில் பெயரே இல்லாதவர்களைத்தான் இப்படிக் கேட்கும். டீச்சரிடம் கேட்பது, அவர் பெயரையே தப்பாக அடிப்பதால். நான் என் பெயரைத் தப்பாக அடிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பெருமாள்ராஜ் என்னைப் பார்க்காமல் அவன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"ஆங், ஆச்சு. உள்ள போயிட்டேன். நல்லா இரும்மா" என்று, நான்தான் சரிசெய்தேன் என்ற நினைப்பில், டீச்சர் போனை வைத்துவிட்டார்.

மகாராஜா அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, எப்போதோ ஆறிவிட்ட பாலை ஊதிக்கொண்டிருந்தார்.

லேப்டாப், படம், பொறுப்பாளர் பட்டம். மகளோடு சேர்த்து என்னையும் வெளியே வைத்தாகிவிட்டது. மகளுக்கு உலகமே இருக்கிறது, யாராவது எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு நாளைக்கு எந்த பஸ் என்றே தெரியவில்லை. அண்ணன் என்று கூப்பிட்ட வாய் கசந்தது.

யார் கையோ தவறிப் பட்டு என் பெயர் போயிருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு பைத்தியம் நான்.

வாசலில் ஒருவர் பெயரை எடுக்கப் போனால் அது உடனே எடுத்துவிடாது. 'நெசமாவா?' என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால், இன்னொரு முறை கேட்கும்.

முதல் கேள்வியை வைத்தது நான். ஒரு கேள்வி போதும் என்றுதான் விட்டிருந்தேன்.

"பாவம்லா, முத்து. ஒருத்தர வெளிய அனுப்புததுக்கு முன்னால இன்னொருக்க கேக்கட்டும்" என்று இரண்டாவதை வைக்கச் சொன்னது மகாராஜா அண்ணன்.