வெயில் ஏறாத எலும்பு

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட்டைத்தான் பார்க்கிறான். ஆஸ்பத்திரி முற்றத்தில் வெயில் நகர நகர, பெண்டாட்டியின் சக்கர நாற்காலியை நானும் நகர்த்துகிறேன். சேலையை முழங்கால் வரை ஏற்றிவிட்டிருக்கிறேன். கால் இரண்டும் சுள்ளியாய்த் தொங்குகின்றன. போன வாரம் இருமியதிலேயே விலா எலும்பு விரிசல் விட்டுவிட்டது. நர்ஸம்மா மருந்துச் சீட்டோடு வந்து நிற்கிறாள். "வெயில்ல கிடைக்கிற விட்டமின் டி-யை எலும்புக்கு ஆகுற மாதிரி மாத்துறது கிட்னிதான், ஐயா. அம்மாவுக்கு அதுதானே போயிடுச்சு. இந்த மாத்திரையை வாங்கிட்டு வாங்க." "நாப்பது வருஷம் கூரை மேல ஓடு வேஞ்சவன் நான். என் எலும்பு மாத்திரையிலயா நிக்குது?" "உங்க கிட்னி நல்லா இருக்கு, ஐயா." நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குள் தள்ளுகிறேன். பெண்டாட்டி கண்ணைத் திறக்காமலே முனகுகிறாள். "அந்தப் பொண்ணோட மல்லுக்கு நிக்காதீங்க. சுடுது, நிழல்ல விடுங்க." நிழலில் தள்ளிவிட்டு, சீட்டோடு மருந்துக்கடைப் பக்கம் நடக்கிறேன். அத்தனை பெரிய சூரியனால் ஆகாததை ஒரு மாத்திரை செய்துவிடுமாம்.